மாமன் சீரில் வந்த யூனிஃபார்ம்

நேற்று திண்டிவனத்தில் மெடிக்கல் ஷாப்காரர் நாப்கின் பாக்கெட்டைப் பழைய பேப்பரில் சுற்றி, அதைக் கறுப்புக் கவரில் போட்டு, கவர் வாயையும் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "அண்ணே, வெடிகுண்டா கேட்டோம்?" என்று கடை அதிரக் கேட்டிருப்பாய். காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்காமலே போய் ஒரு வருடம் ஆகிறது. நான் இன்னும் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நம் கல்லூரி இளைஞர் குழுவுக்கு வந்த புதிதில் உனக்கு இந்த வாய் கிடையாது. பள்ளிகளுக்குப் போய் வளரிளம் பருவம் பற்றிப் பேச வேண்டும் என்றதும் உன் காது சிவந்தது. விழுப்புரம் ஷேர் ஆட்டோவில், "மாதவிடாய் என்பது இயற்கையானது" என்று சத்தமாக ஒத்திகை பார்த்தாய். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு பக்கத்தில் இருந்த அம்மா, இறங்க வேண்டிய இடம் வரும் முன்பே இறங்கிப் போய்விட்டார்.

ஊருக்கெல்லாம் எடுபட்ட உன் பேச்சு, பிரம்மதேசத்தில் உன் அக்கா வீட்டில் எடுபடவில்லை. பெரிய மகள் வயதுக்கு வந்ததும் அக்கா வீட்டுக்காரர் அவள் படிப்பை நிறுத்திவிட்டார். "ஸ்கூல் பாத்ரூம்ல தண்ணி இல்ல. வயசுப் பொண்ணு பஸ்ல போய்க்கினு வந்துக்கினு... வேணாம்பா" என்றார். நீ கெஞ்சினாய், சண்டை போட்டாய், அவர் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றாய். மனிதர் அசையவில்லை. ஆனால் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அவள் படத்தைப் போட்டு ரோட்டை மறைக்கிற மாதிரி ஃபிளக்ஸ் வைத்தார். "பொண்ணு பெரியவளானது ஊருக்கே தெரியணுமாம். ஆனா நாப்கினை மட்டும் ஒளிச்சு ஒளிச்சு வாங்கணுமாம்!" என்று பொருமினாய்.

அந்தப் பொருமலில்தான் உனக்கு யோசனை வந்தது. நீ தாய்மாமன். மாமன் எடுத்த துணியை உடுத்திக்கொண்டுதான் பெண் மணையில் உட்கார வேண்டும். மாமன் சீரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் தைரியம் வராது.

மேளத்தோடு தெருவில் சீர் வந்தது. என் கையில் நீ கொடுத்த தட்டில் நாப்கின் பாக்கெட்டுகள், எந்தக் கவரும் இல்லாமல், கோபுரமாக. வாசலில் தட்டுகளுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, இதற்கும் பாக்கெட் பாக்கெட்டாக வைத்துவிட்டு, "பிரெட்டாம்மா?" என்று கேட்டார். காதோடு காதாக விளக்கினேன். அவசரமாக விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

பட்டுப்புடவை இருக்க வேண்டிய தட்டை உள்ளே திறந்தார்கள். புது யூனிஃபார்ம் இருந்தது. நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"இன்னாடா இது? வெளாட்றியா?" என்று அக்கா வீட்டுக்காரர் கத்தினார்.

"மாமன் எடுத்த துணி மாமா. இத்த போட்டுக்கினுதான் மணையில உக்காரணும். திங்கக்கிழம இத்தயே போட்டுக்கினு ஸ்கூலுக்குப் போவணும். வேணாம்னா சொல்லுங்க, மொத்த சீரையும் தூக்கிக்கினு போயிட்றேன்" என்றாய்.

"ஐயய்யோ, மாமன் சீரு திரும்பக் கூடாதுடா!" என்று அலறியது அதே பெரியம்மாதான். அத்தனை சொந்தமும் அக்கா வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தது. பந்தியில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில், "போய்த் தொலையட்டும்" என்றார். பூ ஜடையும் மாலையும் யூனிஃபார்முமாக உன் மருமகள் மணையில் உட்கார்ந்தாள். போட்டோகிராபர் அவளைச் சிரிக்கச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. அப்புறம் குழுவாக மனு மேல் மனு கொடுத்து அந்தக் கழிவறைக்குத் தண்ணீர் வரவைத்தோம். இப்போது அவள் விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். நம் குழுவில் அவளுக்குத்தான் வாய் அதிகம்.

போன வாரம் அவள் தங்கை வயதுக்கு வந்தாள். மாமன் இல்லாமல் என்ன சீர் என்று நினைத்து எனக்கு அழுகையாக வந்தது. இன்று காலை உன் அக்கா வீட்டுக்காரரே போன் செய்தார்.

"அவன் இல்லன்னு சீரு நிக்கக் கூடாதும்மா. நீயே எடுத்துக்கினு வா. யூனிஃபார்ம் அளவு பெரியவகிட்ட கேட்டுக்க" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த இன்னொரு தட்டு... அதயும் மறந்துடாத" என்றார்.

முறைப்படி அந்த வீட்டுக்கு நான் யாருமில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மேளத்துக்குப் பின்னால் உன் இடத்தில் நான்தான் நடக்கிறேன்.