பிழை உங்களில் இல்லை, ராத்தா

என் அன்புக் கதீஜா ராத்தா,

நீங்கள் மௌத்தாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சொல்லவேண்டிய செய்தி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதைக் கேட்கவேண்டியவர் நீங்கள்தான். நீங்களோ இல்லை. எனக்குக் களைப்பாக இருக்கிறது, ராத்தா. ஆனாலும் எழுதிப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். எங்களைப்போல வேறு தாய்மார் எங்காவது இருந்தால் அவர்கள் கண்ணிலும் படட்டும்.

நாங்கள் முதன்முதலில் சந்தித்தது ஆஸ்பத்திரியில், ஆட்கள் காத்திருக்கும் வாங்கில். அப்போது என் மூர்த்திக்கு நாலு வயது. பேச்சில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு கதிரைக்குக் கீழே போய் ஒளிவான். அவன் கைகளை உதறி உதறி நடப்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போய்விட்டார்கள். நீங்கள்தான் நகர்ந்து எனக்கு இடம் விட்டீர்கள். உங்கள் பரீனாவும் அப்படியே கையை உதறிக்கொண்டு நின்றாள். "சாப்பிடுவமா?" என்று கேட்டீர்கள். அவளும் "சாப்பிடுவமா?" என்றாள். கேட்டதைத் திருப்பிச் சொல்லுவதைத் தவிர அவளுக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் இல்லை என்று சொன்னீர்கள்.

அதன்பிறகு நாங்கள் போகாத இடம் எது? ஒரு டொக்டர் காது கேட்கவில்லை என்றார். காது பார்த்தவர் காதில் குறையே இல்லை என்றார். இன்னொருவர் மந்தபுத்தி என்று ஒரே சொல்லில் முடித்தார். சல்லி அம்மனுக்கு நான் நேர்த்தி வைத்தேன். நீங்கள் ஓதிய நூல் கட்டினீர்கள், என் மகனுக்கும் ஒன்று கொண்டுவந்தீர்கள். வாசிகசாலையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றித் தமிழில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். குழந்தையைக் குளிப்பாட்டும் முறை சொல்லும் புத்தகம் ஒன்றை எடுத்துத் தந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எடுக்க ஏலாது என்றார்கள். உங்களுக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

சாப்பாட்டுத் தட்டுப்பாட்டில் ஊரே பாணுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்தில்தான் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறினோம். அங்கே அந்த டொக்டர் பிள்ளைகளை அதிகம் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதுண்டா என்று கேட்டார். தாயிடம் பாசம் காணாத பிள்ளைதான் இப்படி ஒதுங்கும் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நர்ஸ் தமிழில் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் கல்லோயாவில் ரயில் நின்றபோதுதான் கதைத்தீர்கள்.

"தங்கச்சி, அவர் சொன்னது சரிதான். மூத்தவன் மௌத்தாப் போன துக்கத்தில, பரீனா பிறந்து கனநாளா நான் அவள்ற முகத்தையே பாக்கல்ல. அதான் அவள் என்னையும் பாக்கிறாளில்ல."

அப்படி இல்லை என்று சொன்னேன். எனக்கே நிச்சயம் இல்லாதபடியால் என் குரலில் பலம் இருக்கவில்லை. அதோடு நீங்கள் டொக்டர்மாரைத் தேடுவதை விட்டுவிட்டீர்கள். ஊட்டுவது, உடுத்துவது, குளிப்பாட்டுவது என்று எல்லாவற்றையும் ஒருவரையும் தொடவிடாமல் தனியாகச் செய்தீர்கள், ஏதோ தண்டனையை அனுபவிப்பதுபோல. கடைசியில் கிணற்றடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள்.

இனித்தான் செய்தி. இந்த வருஷம் மூர்த்தியின் அப்பாவோடு துறைமுகக் கந்தோரில் வேலைசெய்பவர் ஒருவர், கொழும்பில் வேறொரு டொக்டர் அம்மா இருக்கிறா, பிள்ளைகளை ஆறுதலாகப் பார்ப்பா என்று சொன்னார். எனக்குப் போக மனமில்லை. மூர்த்தியின் அப்பாதான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனார். மூர்த்திக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. அந்த அம்மா அவனோடு நிலத்தில் இருந்து, அவன் போத்தல் மூடிகளை அடுக்குவதைக் கனநேரம் பார்த்தா. பிறகு இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஓட்டிசம் என்றா. அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"தாயில பிழை எண்டு முந்திச் சில பேர் சொன்னவை. அது சரியில்லை, அம்மா. பிள்ளை பிறக்கேக்கையே இப்படித்தான். நீங்கள் செய்த ஒண்டாலயும் வந்ததில்லை."

இன்னொருமுறை சொல்லுங்கோ என்று கேட்டேன். சொன்னா.

மருந்து இல்லையாம். மாறாதாம். ஆனால் படிப்பானாம். தினமும் ஒரே ஒழுங்கில், படத்தைக் காட்டி, பொறுமையாகப் பழக்கவேண்டுமாம். எங்கள் பக்கத்தில் அதற்கு உதவி ஏதும் உண்டா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டி இல்லை என்றா. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ராத்தா. இத்தனை வருஷத்துக்கு ஆரோடு கோவிப்பது? இந்த ஒரு வசனம் உங்கள் காதில் விழுந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அடுத்த கிழமையே பாதைப் படகில் ஆற்றைக் கடந்து உங்கள் ஊர் கிண்ணியாவுக்கு வந்தேன். பரீனா உங்கள் தம்பி வீட்டில் இருக்கிறாள். ஆட்கள் வந்தால் அவளை அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவார்கள். தம்பியின் மனைவி பொல்லாதவள் அல்ல, பயந்தவள். டொக்டர் சொன்னதை அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப எங்கட மச்சியில பிழையில்லையா? நாங்க எல்லாரும் அவவைத்தானே சொன்னம்."

சொல்லிவிட்டு அழுதாள். பிறகு போய்த் திறப்பை எடுத்துவந்து அறைப் பூட்டைத் திறந்தாள்.

பரீனாவின் தலைமயிர் சிக்குப்பிடித்துக் கிடந்தது. ஒருவரையும் தொடவிடமாட்டாளாம். என்னைக் கண்டதும் சீப்பை எடுத்து நீட்டினாள். "தலை இழுக்கப்போறன் மகள், நோகாது, கொஞ்சம் பொறு" என்றாள். உங்கள் குரல், ராத்தா. அதே இழுவை, அதே மெதுவு. எத்தனை நாள் அதைச் சொல்லிச் சொல்லி இழுத்திருந்தால் அது அவள் வாயில் அப்படி ஏறியிருக்கும்? பாசமில்லாத தாய் என்று அந்த மனுஷன் சொன்னார். இழுத்து முடிக்கும்வரை எனக்குக் கண் தெரியவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு விறாந்தையில் பிள்ளைகள் கூடுகிறார்கள். கிளிவெட்டியில் இருந்து ஒரு தாய் மகனோடு வருகிறாள். பரீனாவை உங்கள் தம்பியின் மனைவி கூட்டிவருகிறாள், எல்லாக் கிழமையும் அல்ல. வகுப்பு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. படங்களை நானே கீறுகிறேன். கோப்பைகள் உடைகின்றன, பக்கத்து வீட்டார் சத்தம் போடுகிறார்கள். பின்னேரம் எல்லோரும் போனபிறகு முதுகை நிமிர்த்த ஏலாது. மூர்த்தி தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றப் பழகியிருக்கிறான். பாதி கோப்பைக்குள், பாதி வெளியில்.

எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளைப் பார்க்க ஆர் என்று அடிக்கடி கேட்பீர்கள். என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எனக்கு நடக்கத் தெம்பு இருக்கும்வரை பரீனாவின் அறைக்கதவு பூட்டப்படாது. இந்த விறாந்தைக்குப் பிள்ளையோடு ஏறிவரும் எந்தத் தாய்க்கும், தண்ணீர் கொடுக்க முதல், உங்களில் பிழையில்லை என்று சொல்லுவேன். உங்களுக்குச் சொல்லக் கிடைக்காததை ஒவ்வொருத்திக்கும் சொல்லுவேன்.

உங்கள் கூடப்பிறவாத தங்கச்சி,
மூர்த்தியின் அம்மா புஷ்பம்