பக்கத்து வீட்டம்மாவின் படை

அவிநாசி
6.2.1995

அன்புள்ள ராமாமணிக்கு,

அண்ணி எழுதுவது. எல்லோரும் சுகம். சர்க்கரை போடாத காபிக்கு உன் அண்ணன் இன்னும் முகம் சுளிக்கிறார். பங்குனியில் ஹேமாவைப் பெண் பார்க்க போத்தனூரிலிருந்து வருகிறார்கள். அத்தைக்காரி நீ எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

உன் காலேஜில் படைக்கு வண்டுகொல்லி இலையைச் சோதிக்கிறாயாமே. பக்கத்து வீட்டம்மாவுக்கு முழங்கையருகே படை. அந்த இலையைத்தான் அரைத்துப் பூசுகிறார். வெளுத்தது வெளுத்தபடியே இருக்கிறது. இலை நல்லதுதானா?

உன் அண்ணி,
அம்புஜம்

கோவை
11.2.1995

அன்புள்ள அண்ணிக்கு,

கோபம் வேண்டாம். பெண் பார்க்கும் நாளில் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

படையை உண்டாக்கும் பூஞ்சையைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து இலைச்சாற்றை விட்டோம். சாறு பட்ட இடத்தில் பூஞ்சை வளரவேயில்லை. தோலிலும் அப்படியே நடக்குமென்று சத்தியம் செய்ய முடியாது. அந்த அம்மாவின் படையை லேசாகச் சுரண்டி, உதிரும் பொடியைத் தாளில் மடித்து அனுப்புங்கள். அரிப்பு உண்டா?

ராமாமணி

அவிநாசி
17.2.1995

அன்புள்ள ராமாமணிக்கு,

பொடி இத்துடன். அரிப்பே இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். நேற்று வடை சுடும்போது எண்ணெய் தெறித்து அந்த இடம் கொப்பளித்துவிட்டது. ஹேமா பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, சுடலீங்களா?" என்றாள். அதுவரை தெரியவேயில்லை. இலையின் குளிர்ச்சி போலிருக்கிறது.

அண்ணனிடம் சொல்லாதே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கல்யாணப் பேச்சு நடக்கிற வீடு.

அம்புஜம்

கோவை
24.2.1995

அன்புள்ள அண்ணிக்கு,

பொடியில் பூஞ்சை இல்லை. இலைமேல் குற்றமில்லை, அதற்கு அங்கே வேலையில்லை. வெளுத்த இடத்தில் சூடு தெரியவில்லை என்றால், தொழுநோயா என்று டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். இப்போது மாத்திரை இருக்கிறது, குணமாகிறது. தள்ளிப்போட்டால்தான் விரல்கள் மரத்து மடங்கிப்போகும்.

அந்த அம்மாவை அழைத்து வாருங்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அண்ணனிடம்கூடச் சொல்லமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி, சீக்கிரம் வாருங்கள்.

ராமாமணி

அவிநாசி
1.3.1995

ராமாமணி,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். ஹேமா கல்யாணம் முடியட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கல்யாணத்தன்று அவளுக்குத் தலை பின்னிப் பூ வைக்க விரல் வேண்டுமே.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். காந்திபுரத்தில் நில்.

பக்கத்து வீட்டம்மா வரவில்லை. நான் மட்டும்தான்.

அம்புஜம்