கொக்கு நின்ற காரணம்

ஜனவரி 11, ஞாயிறு இரவு

அத்திப்பட்டில் ரயில் இறங்கி, வள்ளூர் உப்பங்கழிக்குப் போய் ஒரு கொக்கை வரைந்தேன். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் விடவில்லை. கொக்குக்கு முன்னால் தண்ணீரில் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்த ஓர் அக்காவை மட்டும் விட்டுவிட்டேன். எப்போது நகர்வாரோ என்று எரிச்சல் வேறு.

கரையேறியவர், பல்லில் கடித்திருந்த இறால் பையை எடுத்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தார்.

“கொக்கு கீது, சிம்னி கீது. நான் எங்கம்மா?”

அசடு வழிந்தேன்.

“நான் சேத்த கிளறிக்கினு போறேன், இறா துள்ளுது. அதான் கொக்கு என் பின்னாலயே வருது. இல்லாங்காட்டி அதுக்கு இங்க இன்னா வேல?”

அவசரமாக அவரையும் வரைந்து காட்டினேன்.

“வாயில பையோட போட்டுட்டியே! அத்த எடுத்துரு, சிரிக்கிறேன்.”

பேனாவில் போட்டது அழியாது. புதுப் பக்கம் திருப்பினேன். அவர் சிரித்தபடி கரையிலேயே நின்றார். சேற்றைக் கிளற ஆளில்லாமல் கொக்கு பறந்துபோனது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.