கிழக்கே ஓடிய பால்

மே 18, 2025, ஞாயிறு

ஒருவழியாக முகூர்த்தம் கிடைத்தது. ஜூன் 8. பின்பக்கத் தோட்டத்தில் மகள் யாமினிக்காகக் கட்டிய வீடு முடிந்து, ஒப்படைப்புக் கையெழுத்தாகி, வருகிற ஜூன் 12-உடன் ஒரு வருடம். முதலில் ஆடி வந்தது. அப்புறம் புரட்டாசி, அப்புறம் மார்கழி. தையில் என் மனைவி மரகதத்தின் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். பால் காய்ச்சாமல் யாமினியின் வீல்சேர் உள்ளே போகக்கூடாது என்பது மரகதம் போட்ட சட்டம். இருபத்தாறு வயதுப் பெண், தன் வீட்டை ஒரு வருடமாக எங்கள் சமையலறை ஜன்னல் வழியாகவே பார்க்கிறாள்.

"எனக்குன்னு ஒரு டோர் வேணும்ப்பா. அவ்வளவுதான்" என்றாள் நேற்று.

மே 20

வேலையிடத்தில் பத்மநாபனிடம், "சின்ன வீட்டுக்குப் பால் காய்ச்சறேன், வந்துருங்க" என்றேன். "வீட்ல தெரியுமா?" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

பால் பொங்கியது. அடுப்பில் வழிந்து, தரையில் சொட்டி, நூல் பிடித்த மாதிரி கிழக்கே ஓடியது. மரகதத்துக்குத் தலைகால் புரியவில்லை. "கெழக்கீங்க, பாருங்க, கெழக்க" என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

யாமினி உள்ளே வந்தாள். பிரேக் போடாமல் கை கூப்பினாள். நாற்காலி மெல்ல நகர்ந்து கிழக்குச் சுவரில் போய் முட்டியது. திருஷ்டி எலுமிச்சையைக் கீழே வைத்தேன். அதுவும் அவள் பின்னாலேயே போயிற்று.

"அப்பா, இந்த வீடு என்னை டிரைவ் பண்ணுது."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். இருபதடிக்கு ஒன்றரை அங்குலம் சாய்வு. கோவையில் ஐடிஐ ஃபிட்டர், கடல் தாண்டி வந்து இங்கே மில்பிடாஸில் மெஷின் ஷாப் - முப்பத்தைந்து வருடமாக இரும்பில் மயிரிழை பார்க்கிறவன் நான். சொந்த வீட்டுத் தரையைப் பார்க்கவில்லை. பூஜைக்கு முன்னால் குறை பார்க்கக்கூடாதாம். நானும் சரி என்றேனே. என்ன மனுஷன்டா நீ, திருமூர்த்தி.

ஜூன் 9

வாரன்டி பேப்பர் எங்கே? பூஜை அலமாரியில், முருகனுக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. ஒரு வருடமாகக் கும்பிட்டிருக்கிறேன். ஒரு வரி படித்ததில்லை.

யாமினி படித்தாள். தரை இருபதடிக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால், கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். நாம் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். வருடம் தொடங்குவது கையெழுத்தான நாளிலிருந்து. பால் காய்ச்சிய நாளிலிருந்து இல்லை.

மூன்று நாள் இருக்கிறது.

ஜூன் 10

வீட்டைக் கட்டிய ரஞ்சித்குமார் வந்தான். சென்னைப் பையன், நல்லவன்தான். ரசமட்டத்தைப் பார்த்தான். தாடியைத் தடவினான்.

"அங்கிள், கிழக்க சாஞ்சா வாஸ்துப்படி ரொம்ப நல்லது. சிலர் கேட்டே பண்ணிக்கிறாங்க."

வாஸ்து என்று சொல்லிவிட்டால் மரகதம் அவன் கட்சிக்குப் போய்விடுவாள். நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் உள்ளே வந்தாள்.

"அப்ப எம்புள்ள வாஸ்துப்படி செவுத்துல முட்டோணுமா தம்பி? எங்கிட்ட இன்னொரு வீல்சேர் இருக்குது. நீ உக்காந்து பாரு."

உட்கார்ந்தான். கிழக்கே போனான்.

முட்டிய பிறகு பேச்சு மாறியது. "பண்ணித் தந்துடறேன் அங்கிள். அடுத்த மாசம் பாக்கலாம். நம்ம ஆளுங்களுக்குள்ள லெட்டர்லாம் எதுக்கு?"

தலையாட்டிவிட்டேன். என் தலை அப்படி, யார் சொன்னாலும் ஆடும். யாமினியின் தலை ஆடவில்லை. "லெட்டர் வரும் ரஞ்சித்" என்றாள்.

ஜூன் 11

அவன் ஆபீசுக்கே போய்க் கையில் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதாகத் தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கினாள் யாமினி. அந்த நகலுக்கு மஞ்சள் தடவ மரகதம் வந்தாள். போட்டோ எடுத்த பிறகுதான் கொடுத்தாள் என் மகள்.

ஜூன் 30

ரஞ்சித் போனை எடுப்பதில்லை. அன்றைக்கு என் தலையாட்டலோடு லெட்டரை விட்டிருந்தால்?

ஜூலை 11, வெள்ளி

ரஞ்சித் வக்கீலிடம் போனானாம். அவர் லெட்டரில் இருந்த தேதியைப் பார்த்துவிட்டு, "போய் வேலையைப் பண்ணு" என்றாராம். திங்கட்கிழமை ஆள் வருகிறது.

ஜூலை 26

மேல்தரையைப் பெயர்த்து, சிமென்ட் ஊற்றி, மட்டம் பிடித்துப் புதுத்தரை போட்டுவிட்டார்கள். எலுமிச்சையை எட்டு இடத்தில் வைத்தேன். வைத்த இடத்தில் நின்றது. "போதும் அங்கிள்" என்றான் ரஞ்சித். ஒன்பதாவது இடத்திலும் வைத்தேன்.

ஆகஸ்ட் 2

ஆடி மாதம். மரகதமே யாமினியின் தலையணையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தைக் கடந்தாள்.

"ஆடியாச்சே?" என்றேன்.

"பாலு அன்னிக்கே காச்சியாச்சுங்க. வழிய விடுங்க."

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் யாமினிக்குத் தோசை கொண்டுபோனேன். கதவு பூட்டியிருந்தது. தட்டினேன்.

"மீட்டிங்ப்பா. பத்து நிமிஷம்."

தட்டோடு நின்றேன். தோசை ஆறியது. ஆறட்டும். பத்து நிமிடம் கழித்து உள்ளே சக்கரம் நகரும் சத்தம் கேட்டது. இப்போதெல்லாம் அவள் ஓட்டினால்தான் அது நகர்கிறது.