ஒரே வண்டியில் இரண்டு ஓட்டு

அன்புள்ள ஓப்பல்,

நலம்தானே? உன் முழங்கால் இன்னும் என்னைப் போலவே சொன்ன பேச்சைக் கேட்பதில்லையா?

இங்கே வடக்கு டகோட்டா எண்ணெய்க் கிணற்றில் குழாய் நழுவி, இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பயப்படாதே, சமையலறையில் உனக்கு ஒருநாளும் உதவாத விரல்கள்தான். எனக்குக் கட்டுப் போட்டுவிட்ட டெக்சாஸ்காரன் சீண்டினான்.

"மேற்கு வர்ஜீனியாக்காரங்க அத்தனை காலம் ஜனநாயகக் கட்சிக்குப் போட்டுட்டு, ரெண்டாயிரமாவது வருஷத் தேர்தல்ல ஏன்யா குடியரசுக் கட்சிக்கு மாறிட்டீங்க?"

"எங்க கரிச் சுரங்கத்தைக் காப்பாத்துறேன்னு ரெண்டு கட்சியும்தான் சொன்னாங்க. காப்பாத்தியிருந்தா நான் ஏன்யா இங்க வந்து உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கேன்?" என்றேன்.

அந்த வருஷம் தம்பி ராய் கட்சி மாறியதிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. கரித்தூள் தின்ற அவர் நுரையீரலுக்கு இதுதான் கடைசித் தேர்தல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை அவரை வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போக நான் அங்கே இல்லை. ராயைக் கூட்டிப்போகச் சொல். அவர் ஓட்டும் இவன் ஓட்டும் ஒன்றையொன்று கழித்துவிடும், போகட்டும். போகவர ஒரே வண்டியில் உட்காருவார்களே. மூடிக் கிடக்கும் சுரங்கத்தைத் தாண்டும்போதாவது யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்.

குளிர் வந்துவிட்டது, கம்பளிக் கையுறை பின்னி அனுப்பு. இடது கைக்கு மூன்று விரல் போதும்.

வேலைக்குக் கூட்டிப்போகும் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன் டெல்பர்ட்