அம்மா திருத்திய வினைச்சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நீயும் கப்பலில் உன் எஞ்சின்களும் சுகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் அம்மாவும் சுகம் என்று சேர்ப்பேன். போன இரண்டு கடிதத்திலும் சேர்த்தேன், இரண்டும் பொய். பரீட்சைத் தாள் திருத்துகிறாள், அதனால்தான் தன் கையால் எழுதவில்லை என்றதும் பொய். நடுக்கடலில் உனக்கு ஃபோன் கிடைக்காதது எனக்கு வசதியாகப் போய்விட்டது. உட்கார்ந்து படி. இரண்டு மாதத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, வீட்டில்தான் இருக்கிறாள், வலது கை மட்டும் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. ஆனால் பேச்சு போய்விட்டது. நாற்பது நாள் ஒரு வார்த்தை இல்லை. நாம் சொல்வது புரிகிறது, பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள், கண்ணீர்தான் வருகிறது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு நடத்தி, வீட்டில் நம் இரண்டு பேரையும் பேசியே மேய்த்தவள். காண்ட்ராக்டைப் பாதியில் விட்டு நீ ஓடிவரக் கூடாதே என்று மறைத்தேன். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்.

சொல்ல வந்தது வேறு. வெளிநாட்டு வேலைக்காகக் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரி சனிக்கிழமைதோறும் அம்மாவிடம் பிரெஞ்சு படித்தாளே, பாடம் நின்ற பிறகும் அவள் வருவதை நிறுத்தவில்லை. நான் கடைக்குப் போய்வரும்வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் நோட்டைச் சத்தமாகப் படிப்பாள். அப்படி ஒரு சனிக்கிழமை நான் வாசலில் நுழையும்போது ‘போயிருந்தேன்’ என்பதற்கு ‘ஜாவே ஆலே’ என்று படித்தாள். டங்கென்று ஒரு சத்தம். அம்மா இடது கையால் கட்டில் கம்பியை அடித்திருக்கிறாள். அடித்துவிட்டு, பாப்பா, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற அதே வகுப்புக் குரலில், ‘ஜெத்தே ஆலே’ என்றாள். அதோடு நிற்கவில்லை. நான், நீ, அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு வரியையும் ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லி முடித்தாள். செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றேன். மருந்துக்கடைக்காரி அழுதுகொண்டே நோட்டில் திருத்திக்கொண்டாள். மற்ற வினைகளுக்கு ஒரு துணைச்சொல்லாம், போவது வருவது மாதிரிச் சிலவற்றுக்கு மட்டும் வேறொன்றாம், அதை அவள் மாற்றிப் போட்டுவிட்டாளாம். அந்த ஒரு தப்பைத்தான் உன் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் நான் யார் என்று கேட்டேன். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. என் பேர் வரவில்லை, பிரெஞ்சுக்காரன் பேச்சு வந்துவிட்டதே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் இதைக் கேட்டுவிட்டு, ஆயிரம் தடவை வரிசையா ஒப்பிச்சதெல்லாம் சில பேருக்கு அழியாம தங்கிடும் சார், அந்த நூலைப் புடிச்சுக்கிட்டே போங்க, அவசரப்படாதீங்க என்றாள். மறுநாளிலிருந்து காபி ஆனதும் நான் மாணவன். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் கயிறும் கிரீஸுமாக இருந்தவன் வாயில் அந்தப் பாஷை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அம்மா திருத்த வேண்டும் என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லத் திட்டம், ஆனால் வேண்டுமென்று ஒரு தடவைகூடச் செய்ய வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் அவள் பிரெஞ்சைச் சொல்லிக் கையோடு தமிழ் அர்த்தமும் சொல்லுவாளாம், மருந்துக்கடைக்காரி சொன்னாள். அதனால் ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் கொஞ்சம் காத்திருந்தேன். பதினோராம் நாள் ‘ஜெத்தே ஆலே’ என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, ‘போயிருந்தேன்’ என்றாள். தமிழில், பாப்பா. எங்கேயோ போயிருந்தவள் அதைத் தானே வந்து சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

நேற்றுக் காலை ‘வருவது’ பாடம். ‘எல் எத்தே வென்யூ’ என்றேன். ‘அவ வந்திருந்தா’ என்றாள். சரி என்று அடுத்த வரிக்குப் போனேன், அவள் வரவில்லை. உன் அறைக் கதவைப் பார்த்தபடி இன்னொரு தடவை ‘அவ வந்திருந்தா’ என்றாள், அதோடு நிறுத்திக்கொண்டாள். எழுத்திலென்றால் கடைசியில் வருவது ‘ள்’ளா ‘ல்’லா, வந்திருந்தாளா வந்திருந்தாலா என்று தெரிந்துவிடும். பேச்சில் இரண்டும் விழுந்துவிடுகிறதே, பாடத்தை ஒப்பித்தாளா, உன்னைச் சொன்னாளா, எனக்குப் புரியவில்லை. மருந்துக்கடைக்காரியைக் கேட்டேன். பிரெஞ்சுலயும் ‘வந்திருந்தால்’னு சொல்ல முன்னாடி ‘சி’ன்னு ஒண்ணு வரும், மத்தபடி ரெண்டுக்கும் ஒரே உருவந்தான் அங்கிள் என்றாள். அதனால்தான் இன்று எல்லாவற்றையும் உனக்கு எழுதிவிட்டேன். வருவதும் காண்ட்ராக்ட் முடியும்வரை இருப்பதும் உன் முடிவு, இனி நான் மறைத்துத் தீர்மானிக்க மாட்டேன்.

நீ எந்தக் கடலில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இரு. எண்ணெய் வழுக்குகிற படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. துறைமுகத்தில் ஃபோன் கிடைத்ததும் கூப்பிடு, அம்மா காதில் வைக்கிறேன். அவள் ஒன்றும் பேசாவிட்டால் பயந்து வைத்துவிடாதே, ஏதாவது ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொல்லு.

இப்படிக்கு, உன்னையும் அவளையும் நினைத்தபடி,
அப்பா