மஞ்சள் தொப்பி போடாத பிள்ளைகள்

அக்கா,

இன்று காலை ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் எலுமிச்சம்பழ வாசனை. நாளைக்கு டூர். பஸ்ஸில் குமட்டல் வரும் பிள்ளைகள் முகர்ந்து பார்ப்பதற்காக யாரோ ஒரு பை நிறைய வாங்கி மேஜையில் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அது டூர் வாசனை. எனக்கு அது உன் கை வாசனை. மீன் விற்று முடித்ததும் குழாயடியில் பாதிப் பழத்தைக் கையில் அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டே பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பாய்.

மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நீ போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. அழுகிற அழுகையெல்லாம் அப்போதே அழுதாகிவிட்டது. இன்று எனக்கு வருவது கோபம். புது ஹெட்மாஸ்டர் அந்த மஞ்சள் தொப்பியை மறுபடியும் உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார்.

உன்னை நான் முதலில் 'நீங்கள்' என்றுதான் அழைத்தேன். "இன்னா டீச்சர், நீங்க வாங்கன்னுகினு? நான் இன்னா கலெக்டரா?" என்று வகுப்பு வாசலிலேயே என் மானத்தை வாங்கினாய். உன் மகள் அப்போது என்னிடம் நாலாம் வகுப்பு படித்தாள். எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து வலையெல்லாம் பாழாய்ப்போன வருஷம் அது. வகுப்பில் பாதிப் பேரால் டூருக்குப் பணம் கட்ட முடியவில்லை. நம் பள்ளியில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது: கட்டாதவர்களுக்கு அன்றைக்கு லீவு. லீவு என்றாலும் அந்தப் பிள்ளைகள் வருவார்கள். கேட்டுக்கு வெளியே நின்று பஸ்ஸுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று, கட்ட முடியாத பிள்ளைகளுக்குத் தாங்களே கட்டுவதாகச் சொல்லி ஆள் அனுப்பியது. ஒரே ஒரு நிபந்தனைதான். அந்தப் பிள்ளைகள் மட்டும் கம்பெனி பெயர் போட்ட மஞ்சள் தொப்பியோடு பஸ் முன்னால் போட்டோவுக்கு நிற்க வேண்டும். அப்போதைய ஹெட்மிஸ்ட்ரஸுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருக்க, பணம் கட்டிய பிள்ளையின் தாய் நீ எழுந்தாய். "தொப்பி போட்டா எல்லாத் தலைக்கும் போடு. இல்லன்னா ஒருத்தன் தலைக்கும் போடாத. எது ஏழைப் புள்ள, எது பணக்காரப் புள்ளன்னு பஸ்ஸுக்கு மேல கொடி கட்டிகினு போவணுமா?" என்றாய். கம்பெனியிலிருந்து வந்திருந்த மனிதர் நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம் என்று ஏதோ சொன்னார். டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

வாய்ப்பேச்சோடு நீ விடவில்லை. மறுநாளே வீட்டிலிருந்து அலுமினிய அன்னக்கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, துணி போட்டு மூடி, வகுப்பு வாசலில் வைத்தாய். முடிந்தவர் முடிந்ததைப் போடலாம், முடியாதவர் சும்மா கையை விட்டு எடுக்கலாம், பெயர் எழுதக் கூடாது. அதுதான் சட்டம். காய்ச்சலில் படுத்துக் கடலுக்குப் போகாதவன் வீட்டுக்கும் உங்கள் குப்பத்தில் பங்கு பிரித்து வைப்பார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதே கணக்கில் படகுக்காரர்களிடம் பள்ளிக்கூடப் பங்கு கேட்டு வாங்கினாய். எனக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. யார் போட்டது, யார் போடாதது என்று எப்படித் தெரியும் என்று உன்னிடமே கேட்டேன்.

"மீனு கூடையில வுயுந்தப்பறம் எந்த வலையில வந்துச்சுன்னு எவன் டீச்சர் கேக்குறான்?" என்றாய்.

எங்கே போவது என்பதில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். திண்டிவனத்தில் பிறந்தவள் நான். எங்களுக்கு டூர் என்றாலே கடல்தான். மகாபலிபுரம் போகலாம், பிள்ளைகள் அலையில் கால் நனைக்கலாம் என்று வகுப்பில் ஆசையாகச் சொன்னேன். வாசலில் நின்றிருந்த நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கடலைப் பார்க்க எதற்குப் பஸ் என்றாய். கடலே தெரியாத இடமாகக் காட்டச் சொன்னாய். அப்படித்தான் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம், செஞ்சி மலைக்குப் போனோம்.

பாதி மலை ஏறியதும் ஒரு பெண் குழந்தை என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா டீச்சர், சத்தமே இல்ல?" என்று கேட்டாள். பயந்தே போயிருந்தாள். பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்தில் தூங்கி எழுந்த பிள்ளை, பாவம். நீ பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, உன் வாயாலேயே அலை மாதிரி சத்தம் எழுப்பினாய். அதன்பிறகு மலை முழுக்க நம் பிள்ளைகளின் சத்தம்தான். மற்றப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷமும் அன்னக்கூடையை வைத்தோம். பிளஸ் ஒன் படிக்கிற உன் மகள்தான் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் கடல் சரியில்லை, துண்டு விழுந்துவிட்டது. இதுதான் சமயமென்று தொழிற்சாலை மறுபடி வந்தது, அதே தொப்பி, அதே போட்டோ. ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை, கணக்குக்குப் பயப்படுகிறவர். அவ்வளவுதான். நானும் தாய்மார்களும் உட்கார்ந்து பேசினோம். ஹோட்டல் சாப்பாட்டை வெட்டினோம், துண்டு சரியாகிவிட்டது. புளிச்சோறும் மீன் வறுவலும் வீட்டிலிருந்து வருகிறது. பஸ்ஸில் மீன் வேண்டாமே என்று ஹெட்மாஸ்டர் இழுத்தார். வரும் சார் என்றேன்.

மதியம் தனியாகக் கூப்பிட்டார். தொப்பி வேண்டாமென்றால் வேண்டாம், பணம் போடாத பிள்ளைகளின் பெயர்களையாவது ரிஜிஸ்டருக்காகக் கொடுங்கள், நாளைக்கு யாராவது கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும் என்றார். தெரியாது என்றேன்.

"கிளாஸ் டீச்சர் நீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

மெமோ கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். கொடுங்கள் என்றேன். எந்த வீட்டிலிருந்து வெறுங்கை கூடைக்குள் போய் வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெயர்களை யார் கேட்டாலும் தர மாட்டேன். நீ விட்டுப் போன வேலை இது, இனி என்னுடையது.

மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக வகுப்புக்குப் போனேன். நாளைக்கு ஜன்னலோர சீட் யாருக்கு வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெயர்களில் ஒருத்திதான் பெஞ்சு மேல் ஏறி நின்று முதல் ஆளாகக் கை தூக்கினாள். அவளுக்கே கொடுத்துவிட்டேன்.